ரமல்லா: அடைப்பு வளர்த்த நகரம்

மேற்குக் கரையின் மலைமுகட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ரமல்லா. அங்கு முதன்முறையாகப் போகும் செய்தியாளர்கள் கட்டுமானக் கிரேன்களைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் திரும்புவதில்லை. அல்-மஸ்யூன் பகுதியின் ஓட்டல்கள், அல்-தீரா சரிவில் எழுந்துள்ள வெண்கல் அடுக்குமாடிகள், வங்கிகளின் கண்ணாடி முகப்புகள், நள்ளிரவு வரை நிறைந்திருக்கும் காப்பிக் கடைகள் ஆகியவை அந்தப் பத்தியின் வழக்கமான உள்ளடக்கம். எண்களும் அதற்குத் துணை நிற்கின்றன. 1997 கணக்கெடுப்பில் சுமார் 18,000 பேர் வாழ்ந்த ஊரில் 2017-இல் சுமார் 39,000 பேர் வாழ்ந்தார்கள். ஒட்டிக் கிடக்கும் இரட்டை நகரமான அல்-பீராவில் மேலும் 46,000 பேர். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள். எந்தத் தெருவில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரரால் சொல்ல முடியாது.

எல்லை, சுங்கம், நாணயம், நிலத்தடி நீர் எதுவும் தன் கையில் இல்லாத ஒரு சமூகத்தில் ஒரு நகரம் எப்படி இவ்வளவு வளர்ந்தது? இக்கட்டுரையின் கேள்வி இதுதான். ஆக்கிரமிப்பை மீறி வளர்ந்தது என்று ஒரு சாராரும், ஆக்கிரமிப்பை மறந்து வளர்ந்தது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். வளர்ச்சியும் அடைப்பும் எதிரெதிரானவை என்ற எண்ணத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. சான்றுகளை நெருங்கிப் பார்த்தால் அந்த எண்ணம்தான் முதலில் ஆட்டம் காண்கிறது.

1. இரு விளக்கங்கள்

முதல் விளக்கத்தின் முகம் சலாம் ஃபயாத். சர்வதேச நாணய நிதியத்தில் பணியாற்றிய அவர் 2007 முதல் 2013 வரை பாலஸ்தீன அதிகார சபையின் பிரதமராக இருந்தார். ஆக்கிரமிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அரசுக்குரிய நிறுவனங்களை இப்போதே கட்டிவிடுவோம் என்பது 2009 ஆகஸ்டில் அவரது அரசு வெளியிட்ட திட்டத்தின் சாரம். கருவூலம் ஒழுங்காக இருந்து, காவல்துறை கட்டுக்கோப்பாக நடந்து, முதலீட்டாளருக்கு நம்பிக்கை பிறந்தால் இறையாண்மையை உலகம் மறுக்க முடியாது என்ற கணக்கு அது. அதிகார சபையின் நிறுவனங்கள் ஒரு அரசை நடத்தத் தகுதி பெற்றுவிட்டன என்று 2011-இல் உலக வங்கி கூறியது. வளர்ச்சி வெளிநாட்டு நிதியுதவியால் நிகழ்கிறது, தனியார் உற்பத்தியால் அன்று, ஆகவே இது நீடிக்காது என்றும் அதே வங்கி எச்சரித்தது. முதல் கூற்று மேற்கோளாகப் பரவியது. இரண்டாவது அறிக்கைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டாம் விளக்கம் விமர்சகர்களுடையது. ரமல்லா-அல்-பீராவை ஒரு தனித்த தீவு நகரமாகக் கண்டு, அங்கு உருவான நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கை முறையையும் ஆசைகளையும் சமூகவியலாளர் லீஸா தராகி 2008-இல் ஆராய்ந்தார். ராஜா காலிதி, சுப்ஹி சமூர் இருவரும் 2011-இல் எழுதிய கட்டுரை, ஃபயாத் திட்டம் விடுதலை அரசியலின் இடத்தில் சந்தைப் பொருளாதாரத்தை அமர்த்துகிறது என்று வாதிட்டது. கரீம் ரபி 2021-இல் வெளியிட்ட நூல், தனியார் வீட்டுமனைத் திட்டங்களே தேசக் கட்டுமானமாக முன்வைக்கப்படும் முறையை ரவாபி என்னும் புதுநகரை வைத்து விளக்குகிறது. இந்த ஆய்வுகளின் நுட்பமெல்லாம் தேய்ந்து, பேச்சுவழக்கில் ‘ரமல்லா ஒரு நீர்க்குமிழி’ என்ற ஒற்றை வசையாகச் சுருங்கிவிட்டது. காஸாவிலும் ஜெனினிலும் குண்டு விழும்போது இவர்கள் காப்பி குடிக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

வசையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது விளக்கம் ஆகாது. காப்பிக் கடையை நடத்தும் முதல் எங்கிருந்து வந்தது, கடை ஏன் ஜெருசலேமில் இல்லாமல் இங்கே இருக்கிறது, வாடிக்கையாளரின் சம்பளத்தை இறுதியில் யார் விடுவிக்கிறார்கள் என்ற கேள்விகளை அது கேட்பதில்லை. காஸாவை ஆராய்ந்த சாரா ராய், ஒரு பொருளாதாரம் வளரும் ஆற்றலையே இழக்கும்படி திட்டமிட்டுச் சிதைக்கப்படுவதைத் தனிக் கருத்தாக்கமாக முன்வைத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் ரமல்லா அதற்கு மறுப்பு. அடுத்து வரும் பகுதிகள் காட்டுவது வேறு.

2. ஜெருசலேம் மூடப்பட்டபோது

ரமல்லா பழைய தலைநகரம் அன்று. பதினாறாம் நூற்றாண்டில் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கிலிருந்து வந்த ஹத்தாதீன் என்ற கிறிஸ்தவக் குலத்தார் நிறுவிய ஊர் என்பது உள்ளூர் மரபு. குவேக்கர் சபையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். 1908-இல் நகராட்சி அமைந்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்வது அப்போதே தொடங்கிவிட்டது. 1948-இல் லித்தா, ரம்லே நகரங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்து சேர்ந்ததும் ஊரின் மக்கள்தொகை அமைப்பே தலைகீழானது. அவர்களுக்காக 1949-இல் அமைந்த அல்-அம்அரி முகாம் 0.1 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் இன்றும் நகருக்குள்ளேயே இருக்கிறது. ரமல்லாவின் ‘புதிய பணக்காரர்’ பற்றிப் பேசும் கட்டுரைகளில் இந்த முகாம் அபூர்வமாகவே தலைகாட்டும்.

இந்தக் காலம் முழுவதும் ரமல்லா ஜெருசலேமின் நிழலில் இருந்த கோடைவாசஸ்தலம். நல்ல மருத்துவமனை, பெரிய கடைவீதி, பத்திரிகை அலுவலகம், அரசியல் தலைமை எல்லாம் தெற்கே, சாலை வழியே சுமார் 15 கிலோமீட்டரில் இருந்தன. இரு ஊர்களுக்கும் நடுவே கலந்தியாவில் விமான நிலையம் ஒன்றும் இயங்கியது. 1967-க்கு முன் அங்கிருந்து பெய்ரூட்டுக்குப் பறக்கலாம்.

இந்த உறவு படிப்படியாக அறுக்கப்பட்டது. 1993 மார்ச்சில் இஸ்ரேல் விதித்த பொது அடைப்புக்குப் பின், மேற்குக் கரையின் பாலஸ்தீனர் ஜெருசலேமுக்குள் நுழையத் தனி அனுமதிச்சீட்டு கட்டாயமானது. 2001 ஆகஸ்டில், ஜெருசலேமில் பாலஸ்தீன அரசியலின் மையமாக இருந்த ஓரியண்ட் ஹவுஸ் மூடப்பட்டது. 2002-இல் தொடங்கிய பிரிவினைச் சுவர் கலந்தியா சோதனைச் சாவடியை நிரந்தரக் கட்டமைப்பாக்கியது. சுவர் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று 2004-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியும் சுவர் நின்றது.

ஜெருசலேமில் இயங்க முடியாத எதுவும் வடக்கே நகர்ந்தது. ஒஸ்லோ உடன்படிக்கைகளின்படி 1995 டிசம்பரில் இஸ்ரேலியப் படை நகரைவிட்டு விலகியதும் அமைச்சகங்கள் வந்தன. பிறநாட்டுப் பிரதிநிதி அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள், வங்கித் தலைமையகங்கள் பின்தொடர்ந்தன. ஜெருசலேமில் பிறந்த அல்-கஸபா நாடகக் குழு ரமல்லாவில் அரங்கம் திறந்தது. காஸாவில் இருந்த இந்தியப் பிரதிநிதி அலுவலகமும் 2003-இல் இங்கே மாறியது. ஜெருசலேமே தலைநகரம் என்ற கோரிக்கையைக் கைவிட முடியாததால் ரமல்லாவை யாரும் தலைநகரம் என்று அழைப்பதில்லை. ஆனால் தலைநகரின் வாடகை, தலைநகரின் போக்குவரத்து நெரிசல், தலைநகரின் சம்பள வேலை எல்லாம் அங்கேதான் குவிந்தன. ஆக, நகரின் வளர்ச்சியில் பெரும்பகுதி ஓரிடத்தில் அடைக்கப்பட்டது இன்னோரிடத்தில் பிதுங்கியதன் விளைவு. இதை வளர்ச்சி என்று எழுதும்போது, கிழக்கு ஜெருசலேமின் வாடிய கடைவீதிகளை அதே கணக்கின் மறுபக்கத்தில் எழுதியாக வேண்டும்.

3. நிலமும் நீரும்

1995 இடைக்கால உடன்படிக்கை மேற்குக் கரையை மூன்றாகப் பகுத்தது. அதிகார சபைக்குக் குடிமை நிர்வாகமும் காவலும் உள்ள ‘ஏ’ பகுதி 18 சதவீதம். காவல் இஸ்ரேலிடம் இருக்கும் ‘பி’ பகுதி 22 சதவீதம். முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள ‘சி’ பகுதி ஏறத்தாழ 60 சதவீதம். ‘சி’ பகுதியில் பாலஸ்தீனர் வீடு கட்ட அனுமதி பெறுவது ஏறக்குறைய இயலாத காரியம். அந்தப் பகுதியின் மீதான தடைகள் நீங்கினால் ஆண்டுக்கு 340 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதாரம் பெருகும், அது 2011-இன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 35 சதவீதத்துக்குச் சமம் என்று 2013-இல் உலக வங்கி மதிப்பிட்டது.

ரமல்லாவின் அடுக்குமாடிகள் உயர்வதற்கான காரணம் இந்த எண்களுக்குள் இருக்கிறது. வடக்கே பெய்த் எல், கிழக்கே 1981-இல் அல்-தவீல் குன்றின்மேல் அமைந்த சாகோத் ஆகிய யூதக் குடியேற்றங்கள் நகரைப் பக்கவாட்டில் பரவவிடுவதில்லை. பரப்பு குறைந்தால் மனைவிலை ஏறும். மனைவிலை ஏறினால் மாடி ஏறும். நிலப் பதிவுக்காக யோர்தான் ஆட்சியில் நடந்துவந்த அளவைப் பணியை இஸ்ரேலிய இராணுவம் 1968-இல் நிறுத்திவிட்டதால், மேற்குக் கரையின் பெரும்பகுதி நிலம் முறையான பத்திரம் இன்றியே கைமாறுகிறது. தெளிவான பத்திரமுள்ள நகர மனைக்கு அதனாலும் கிராக்கி. தொழிற்சாலைக்கு இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், மூலப்பொருள் எல்லையைத் தாண்டி வர வேண்டும். அடுக்குமாடிக்கு ஒரு துண்டு மனை போதும். முதலீடு எங்கே போகும் என்பதை முதலாளியின் தேசப்பற்று தீர்மானிக்கவில்லை.

கஃபர் அகப் இதன் உச்சம். கலந்தியா சாவடிக்கு ரமல்லாப் பக்கத்தில் இருந்தாலும் இது ஜெருசலேம் நகராட்சி எல்லைக்குள் அடங்கிய பகுதி. ஜெருசலேம் வசிப்புரிமை அட்டை வைத்திருக்கும் பாலஸ்தீனர், நகராட்சி எல்லைக்கு வெளியே குடியேறினால் அந்த அட்டையை இழக்கக்கூடும். சுவருக்கு உட்புறத்தில் வாடகை கட்டுப்படியாகாது. மேற்குக் கரை அட்டையுள்ள கணவனோ மனைவியோ அங்கே சட்டப்படி தங்கவும் முடியாது. எனவே சுவருக்கு வெளியிலும் எல்லைக்கு உள்ளும் இருக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியேறின. ஜெருசலேம் நகராட்சி வரி வாங்கும், சேவை செய்ய வராது. அதிகார சபைக்கு நுழைய உரிமை இல்லை. அனுமதியில்லாத பத்து மாடிக் கட்டடங்கள் கைநீட்டினால் அடுத்த வீட்டைத் தொடும் இடைவெளியில் நிற்கின்றன. இங்கும் கிரேன்கள் உண்டு. செய்தியாளர்களின் பத்தியில் இவை இடம்பெறுவதில்லை.

நீர் தனிக் கதை. ரமல்லா வீட்டு மொட்டைமாடிகளில் கறுப்புத் தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். எதிர்க்குன்றின் குடியேற்றங்களில் அவை இல்லை, குழாயில் எப்போதும் நீர் வருவதால். மேற்குக் கரையில் புதுக் கிணறு தோண்ட இஸ்ரேல்-பாலஸ்தீனக் கூட்டு நீர்க் குழுவின் ஒப்புதல் வேண்டும், 2017 வரை குழாய் பதிக்கவும் அது வேண்டியிருந்தது; அந்தக் குழுவில் இஸ்ரேலுக்குத் தடுப்புரிமை உண்டு. பாலஸ்தீன நகரங்கள் தங்கள் மண்ணுக்கு அடியிலுள்ள நீரின் ஒரு பகுதியை இஸ்ரேலிய நிறுவனமான மெகோரோத்திடம் விலைக்கு வாங்குகின்றன.

ரவாபியின் அனுபவம் இதைப் பளிச்சென்று காட்டியது. தொழிலதிபர் பஷார் மஸ்ரியும் கத்தாரின் அரசு நிறுவனமும் சேர்ந்து நூறு கோடி டாலருக்குமேல் கொட்டி, ரமல்லாவுக்கு வடக்கே 40,000 பேருக்காக எழுப்பிய திட்டமிட்ட நகரம் அது. வீடுகள் தயாரான பிறகும் மாதக்கணக்கில் குடியேற முடியவில்லை. நீர் இணைப்புக்கு ஒப்புதல் தர வேண்டிய கூட்டு நீர்க் குழு 2010-க்குப் பிறகு பல ஆண்டுகள் கூடவே இல்லை. குடியேற்றங்களுக்கான குழாய்த் திட்டங்களுக்கும் சேர்த்து ஒப்புதல் தர பாலஸ்தீனத் தரப்பு மறுத்திருந்தது. 2015-இன் தொடக்கத்தில் இஸ்ரேலியப் பிரதமர் தலையிட்ட பின்னரே நீர் இணைப்பு கிடைத்தது. நகருக்குச் செல்லும் சாலையின் ஒரு துண்டு ‘சி’ பகுதியைக் கடப்பதால் அதற்கும் இஸ்ரேலின் அனுமதி. நூறு கோடி டாலரால் வாங்க முடியாததை ஒரு கையெழுத்து வழங்கியது.

4. சம்பளமும் தவணையும்

ரமல்லா வாசிக்கு நாணயம் மூன்று. காய்கறிச் சந்தையிலும் ‘சர்வீஸ்’ எனப்படும் மஞ்சள் வேனிலும் இஸ்ரேலிய ஷெகல். மணமகளுக்கான மஹரும் நில விலையும் யோர்தானிய தினாரில். அடுக்குமாடி வாடகை பெரும்பாலும் டாலரில். சம்பளம் ஷெகலில் வரும். டாலர் ஏறும் மாதத்தில் வாடகையும் ஏறியதாக ஆகும். சொந்த நாணயம் இல்லாததால் மாற்று விகிதத்தின்மீது 1994-இல் தொடங்கிய பாலஸ்தீன நாணய ஆணையத்துக்குப் பிடிமானம் கிடையாது. ஷெகல் தாள்கள் மிகுந்துவிட்டால் அதுவும் தொல்லை. இஸ்ரேலிய வங்கிகள் குறிப்பிட்ட அளவுக்குமேல் திரும்ப வாங்க மறுப்பதால் பாலஸ்தீன வங்கிகளின் பெட்டகங்களில் பணம் தேங்கிக் கிடக்கிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1994 ஏப்ரலில் கையெழுத்தான பாரிஸ் பொருளாதார நெறிமுறை. இரு பகுதிகளும் ஒரே சுங்க வரம்புக்குள் வந்தன. பாலஸ்தீனத்துக்கான இறக்குமதிகளின் வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதத்தைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டு மாதந்தோறும் மிச்சத்தை அதிகார சபைக்கு அனுப்ப வேண்டும். அதிகார சபையின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பணம். ஆசிரியர், செவிலியர், காவலர், எழுத்தர் என்று சுமார் ஒன்றரை லட்சம் பேரின் சம்பளம் இதைச் சார்ந்திருக்கிறது. அவர்களின் அலுவலகங்கள் அதிகம் குவிந்த இடம் ரமல்லா.

2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாணய ஆணையம், வங்கிகள் வைப்புத்தொகையை வெளிநாட்டில் வைப்பதைக் குறைத்து உள்நாட்டில் கடன் தர ஊக்குவித்தது. உள்நாட்டில் கடன் வாங்கத் தகுதியானவர் யார்? மாதச் சம்பளம் அதே வங்கிக் கணக்குக்கு வரும் அரசு ஊழியர். வீட்டுக் கடன், கார்க் கடன், திருமணக் கடன் எல்லாம் சம்பளத்தை ஈடாகக் கொண்டு பெருகின. சம்பளம் விழுந்த அன்றே தவணையை வங்கி பிடித்துக்கொள்ளும். நகரின் புதுக் குடியிருப்புகளை நிரப்பியவர்கள் வணிகப் பிரபுக்கள் என்ற எண்ணம் பாதிதான் சரி. மறுபாதியில் தவணை கட்டும் ஆசிரியத் தம்பதிகள் இருக்கிறார்கள்.

அந்த மாதாந்தரப் பணத்தை இஸ்ரேல் நிறுத்திவைத்த வரலாறு நீளமானது. இரண்டாம் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின்போது நிறுத்தியது. 2006-இல் ஹமாஸ் தேர்தலில் வென்றதும் நிறுத்தியது. 2011-இல் யுனெஸ்கோவில் பாலஸ்தீனம் உறுப்பினரானதும், 2012-இல் ஐ.நா. பொதுச்சபை தகுதி உயர்வு தந்ததும், 2015-இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் சேர முனைந்ததும் நிறுத்தியது. 2019-இல் கைதிகளின் குடும்பங்களுக்கான உதவித்தொகைக்கு ஈடாக ஒரு பகுதியைப் பிடித்தபோது, குறைந்த தொகையே வேண்டாம் என்று அதிகார சபை மாதக்கணக்கில் மறுத்தது. அரசியலில் ஒரு அடி முன்னே வைத்தால் அடுத்த மாதம் அல்-தீராவில் ஒருவருடைய வீட்டுத் தவணை தவறும். கடனுள்ள நடுத்தர வர்க்கம் அரசியலில் அடங்கிப்போகும் என்ற விமர்சகர் கூற்றுக்கு இது வலுவான சான்று. ஆனால் ஆசையின் கணக்கில் எழுதப்பட்டதை நான் நிர்ப்பந்தத்தின் கணக்கிலும் எழுத விரும்புகிறேன். வாடகைக்கும் தவணைக்கும் அதிக வித்தியாசம் இல்லாத ஊரில் கடன் வாங்குவது பேராசை ஆகாது.

5. தெரு என்ன சொன்னது

நகரம் உறங்குகிறது என்பவர்கள் அதன் மையமான அல்-மனாரா சதுக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. 2012 செப்டம்பரில் விலைவாசிக்கும் வரி உயர்வுக்கும் எதிராக மேற்குக் கரை நகரங்கள் கொந்தளித்தன. ஃபயாத் பதவி விலக வேண்டும் என்ற கோஷத்தோடு, பாரிஸ் நெறிமுறையை ரத்துசெய் என்ற கோஷமும் எழுந்தது. அந்த நெறிமுறைப்படி பாலஸ்தீன மதிப்புக்கூட்டு வரி இஸ்ரேலிய விகிதத்திலிருந்து 2 புள்ளிக்குமேல் குறையக் கூடாது; பெட்ரோல் விலைக்கும் அதுபோல ஒரு வரம்பு. வருமானத்தில் பெரும் இடைவெளி உள்ள இரு சமூகங்களுக்கு ஏறத்தாழ ஒரே விலைவாசி. டாக்சி ஓட்டுநர்கள் இதைப் பொருளாதார அறிஞர்களுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2016-இல் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2018-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிராகப் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. அதிகார சபையைக் கடுமையாக விமர்சித்துவந்த நிசார் பனாத் 2021 ஜூனில் பாதுகாப்புப் படையினரின் பிடியில் இறந்ததைக் கண்டித்து ரமல்லாவில் கூடியவர்களை அதே படையினர் அடித்துக் கலைத்தார்கள்.

இரண்டு அதிகாரங்களின் கீழ் வாழ்வதன் பொருளை ஒரே அலுவலகத்தின் கதை சொல்லும். 2024 செப்டம்பர் 22 அதிகாலையில் இஸ்ரேலிய வீரர்கள் ரமல்லாவில் அல் ஜஸீரா தொலைக்காட்சி அலுவலகத்துக்குள் புகுந்து 45 நாள் மூடல் உத்தரவைக் கொடுத்தார்கள். இது ‘ஏ’ பகுதியின் நட்ட நடு. அடுத்த சில மாதங்களில், 2025 தொடங்கும் வேளையில், அதே நிறுவனத்தின் பணிகளை இடைநிறுத்தியது பாலஸ்தீன அதிகார சபை.

கலைஞர் வேரா தமாரியின் ஒரு பணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். இஸ்ரேலின் 2002 படையெடுப்பில் டாங்கிகள் நசுக்கிய கார்களைச் சேகரித்து, அல்-பீராவில் ஒரு துண்டுத் தார்ச்சாலை போட்டு, நெரிசலில் நிற்பதுபோல அவற்றை வரிசைப்படுத்தினார். அதன் பிறகு ஒரு இரவில் டாங்கிகள் மீண்டும் வந்து அந்தக் கார்களின்மேல் மறுபடியும் ஏறிப்போயின. ரமல்லாவின் பண்பாட்டு வாழ்வை வெறும் மேட்டிமைக் கேளிக்கையாகத் தள்ளுபவர்கள் இந்தப் பணியை என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

6. 2023-க்குப் பின்

காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபரில் மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் வேலைக்குச் சென்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அனுமதி நிறுத்தப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். ரமல்லாவின் கடைகளுக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள். 2021 இறுதியிலிருந்தே பகுதிச் சம்பளம் பெற்றுவந்த அரசு ஊழியர்களின் நிலை மேலும் மோசமானது. இஸ்ரேலிய நிதியமைச்சர் பெஸலேல் ஸ்மோட்ரிச் மாதாந்தர வரிப்பணத்தில் வெட்டை அதிகப்படுத்தினார். 2025 மே மாதத்துக்குப் பின் பணப் பரிமாற்றம் நின்றது. இரு தரப்பு வங்கிகளுக்கும் இடையிலான தொடர்பை அனுமதிக்கும் உத்தரவாதக் கடிதமும் குறுகிய கால நீட்டிப்புகளில் தொங்கியது. தெரு மூலைகளிலும் கிராம நுழைவாயில்களிலும் இரும்புக் கதவுகள் பெருகியதால், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று டெலிகிராம் குழுவில் பார்க்காமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை. ஜெருசலேம் வழி மூடியிருப்பதால் பெத்லகேமுக்குப் போக வாதி அல்-நார் மலைச்சரிவைச் சுற்றவேண்டியிருப்பது பழைய கதை. இப்போது அந்தச் சுற்றுவழியும் நிச்சயமில்லை.

வழிகள் பிறர் கையில் இருப்பது 2023-இல் தொடங்கியதும் அன்று. 2018 பிப்ரவரியில் இந்தியப் பிரதமர் ஒருவர் முதன்முறையாக ரமல்லாவுக்கு வந்தபோது யோர்தான் அரசின் ஹெலிகாப்டரில் வந்தார். துணைக்கு இஸ்ரேலிய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பறந்தன. விருந்தினர் வரும் வழியே அப்படி என்றால், சிமெண்டும் சம்பளமும் வரும் வழி வேறு மாதிரி இருக்க இடமில்லை. ரமல்லாவின் வளர்ச்சியை ஆராயப் புகுபவர் இனி மாடிகளை எண்ணுவதைவிட, நகரின் வங்கிகளில் தவணை தவறிய கணக்குகளையும், பத்திரம் இல்லாத நிலத்தையும், நிறுத்திவைத்த வரிப்பணத்தையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்பது பயனுள்ள வேலையாக இருக்கும்.